சில்வானரின் பதம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மையார், நான் ஊற்றிக் கொடுத்த வெள்ளை ஒயினை ஒரு மிடறு அருந்தினார். பிறகு கோப்பையைக் கீழே வைக்காமல், அதன் கிண்ணப் பகுதியை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்தி, பனிக்காலத்தில் தேநீர்க் குவளையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். பேச்சு தொடர்ந்தது. அவர் சிரித்தார், பதில் சொன்னார், என் மகளின் பள்ளியைப் பற்றி விசாரித்தார். கைகளை மட்டும் எடுக்கவில்லை. பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் அப்படியே வைத்திருந்தார். ஜெர்மனியின் மைன் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில், தலைமுறைகளாகத் திராட்சை பயிரிட்டு ஒயின் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். கோப்பையைத் தண்டில்தான் பிடிக்க வேண்டும், கிண்ணத்தில் கை பட்டால் ஒயின் சூடேறும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தேதான் செய்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஏன் செய்கிறார் என்பது புரியவில்லை. விருந்து முடிந்து, பாத்திரங்களைக் கழுவி வைத்த பிறகும், அந்தக் கைகள் என் நினைவைவிட்டு அகலவில்லை.

அந்த விருந்துக்கு நான் எதிலும் குறைவைக்கவில்லை என்றே நம்பியிருந்தேன். வூர்ஸ்புர்க்கில் குடியேறி அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் 24 வரை இந்த ஊர் ஷ்பார்கல் என்னும் வெள்ளை அஸ்பராகஸ் மீது வைத்திருக்கும் ஆசையை நானும் மெல்ல மெல்லப் பற்றிக்கொண்டிருந்தேன். மணல் கலந்த மண்ணைக் கரையாகக் குவித்து, வெயில் படாமல் வளர்த்து, தலை மண்ணைப் பிளந்து வெளியே வருவதற்குள் நீண்ட கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கும் வெண்ணிறத் தண்டு அது. நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் கிழங்காகக் கிடைக்கும் தண்ணீர்விட்டான் இதற்கு நெருங்கிய உறவுக்கொடி என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன். அன்று இரண்டு கிலோ ஷ்பார்கல், புது உருளைக்கிழங்கு, உருக்கிய வெண்ணெய், பன்றித் தொடைக்கறித் துண்டுகள் என்று உள்ளூர் முறைப்படியே எல்லாம் செய்திருந்தேன். ஒயினுக்காக நகரின் நடுவில் உள்ள கடை ஒன்றுக்குப் போய், ‘ட்ரோக்கன்’ என்று அச்சிட்ட, அதாவது இனிப்பில்லாத, ரீஸ்லிங் என்னும் திராட்சையில் செய்த, விலை கூடிய வெள்ளை ஒயின் ஒன்றை வாங்கி, இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். விருந்தினர் நாற்காலியில் அமர்ந்த பிறகே அதை வெளியே எடுத்தேன். கண்ணாடியில் நீர்த்துளிகள் அரும்பி நிற்க அந்தக் குப்பி மேசைக்கு வந்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஆனால் வாயில் வைத்தபோது அது வெறும் புளிப்பாக இருந்தது. மணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. எலுமிச்சைச் சாற்றில் தண்ணீரைக் கலந்து உப்பு போட மறந்ததுபோல ஒரு கூர்மை. அதைவிடக் கொடுமை, ஷ்பார்கலை ஒரு துண்டு மென்று விழுங்கிவிட்டு அருந்தியபோது, ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்ததுபோன்ற களிம்புச் சுவை நாக்கின் ஓரங்களில் ஏறியது. என் கணவர் அதைக் கவனித்து என்னைப் பார்த்தார். முதலில் ஷ்பார்கல் மீது பழி போட்டேன், பிறகு ஒயின் மீது, பிறகு அதைப் பரிந்துரைத்த கடைக்காரர் மீது. ஆனால் அதே ஒயினை, அதே ஷ்பார்கலுடன், எங்களைவிட எவ்வளவோ நன்றாக அறிந்த ஒருவர், இரண்டு கைகளுக்குள் பொத்தி வைத்திருந்து, பிறகு நிதானமாக, முகம் மலர, முழுவதும் குடித்து முடித்தார். எனக்குக் கிடைக்காத எது அவருக்குக் கிடைத்தது?

ஆறிய ரசமும் உறைந்த ஒயினும்

‘வெள்ளை ஒயினைக் குளிர்ச்சியாகக் கொடுக்க வேண்டும்’ என்ற ஒற்றை வரி எங்கும் நிறைந்து கிடக்கிறது. அந்த வரியில் பிழையில்லை. எவ்வளவு குளிர்ச்சி என்பதை அது சொல்லாமல் விட்டுவிடுவதுதான் குறை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உட்புறம் 5 முதல் 7 பாகை செல்சியஸ் வரை இருக்கும். இனிப்பில்லாத, மெல்லிய வெள்ளை ஒயின்களுக்கு 8 முதல் 10 பாகையும், சற்றுக் கனமானவற்றுக்கு 10 முதல் 12 பாகையும் பொருந்தும் என்பதே இங்குள்ள ஒயின்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நான்கு ஐந்து பாகை வேறுபாடு என்ன செய்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மணம் என்பது ஆவியாகி மூக்குக்கு வர வேண்டிய பொருள். குளிர்ச்சி கூடினால் அது திரவத்திலேயே தங்கிவிடும். அதே குளிர்ச்சி, நாக்கு உணரும் இனிப்பை மழுக்கி, புளிப்பையும் கசப்பையும் துருத்திக்கொண்டு நிற்கச் செய்யும். ரசத்தை எடுத்துக்கொண்டால் நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். கொதி அடங்கி நுரை கூடிய நேரத்து ரசத்தில் மிளகும் சீரகமும் பெருங்காயமும் ஆவியோடு எழுந்து வந்து புளியைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். அதே ரசம் முற்றிலும் ஆறிய பிறகு பாத்திரத்தில் இருப்பது புளித்தண்ணீர்தான். சேர்மானம் ஒன்றும் குறையவில்லை, பதம் தப்பிவிட்டது.

இனிப்பு ஒயினுக்கு இந்தத் தவறு அவ்வளவாகத் தெரியாது. ஜெர்மன் சட்டப்படி ‘ட்ரோக்கன்’ என்ற சொல்லைக் குப்பியில் அச்சிட, ஒரு லிட்டரில் எஞ்சியிருக்கும் சர்க்கரை 4 கிராமுக்குள் இருக்க வேண்டும். புளிப்பு போதிய அளவு இருந்தால், அதாவது சர்க்கரையின் அளவு புளிப்பின் அளவை 2 கிராமுக்கு மேல் தாண்டாமல் இருந்தால், 9 கிராம் வரை போகலாம். வூர்ஸ்புர்க்கைச் சுற்றியுள்ள ஃபிராங்கன் வட்டாரத்தில் இந்தச் சலுகையைக்கூடப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை; 4 கிராமுக்கு உட்பட்டதையே அவர்கள் ‘ஃபிராங்கன் ட்ரோக்கன்’ என்று மனதார ஏற்பார்கள். மோசல் ஆற்றங்கரையின் இனிப்பான ஒயினில் இதைப்போலப் பத்து மடங்கு சர்க்கரை இருக்கக்கூடும். குளிர்ச்சி கூடினாலும் அந்த இனிப்பு ஓரளவு தாங்கிப் பிடிக்கும். சர்க்கரையை முழுவதும் துறந்துவிட்ட ஒயினுக்கு அப்படி ஒரு தாங்கல் இல்லை. அதனிடம் இருப்பவை புளிப்பும், மெல்லிய கசப்பும், மணமும்தான். மணத்தை நாம் குளிரில் பூட்டிவிட்டால் மற்ற இரண்டும்தான் கோப்பைக்கு வரும். இனிப்பில்லாத ஒயின் அருந்தக் கடினமானது என்று சொல்பவர்களில் பலர், அது பேசுவதற்கு முன்பே அதன் வாயை அடைத்துவிட்டவர்கள் என்றே எனக்கு இப்போது தோன்றுகிறது.

உணவகங்களிலும் இது நடக்கிறது. சென்ற ஆண்டு ஓர் உணவகத்தில், விளிம்பு வரை பனிக்கட்டி நிரப்பிய வாளியில் எங்கள் குப்பியைச் செருகி வைத்தார்கள். சற்று நேரம் கழித்து அதை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தேன். பரிமாறுபவர் வந்து, மிகுந்த மரியாதையுடன், மீண்டும் வாளிக்குள் வைத்தார். நான் மீண்டும் எடுத்தேன். மூன்றாவது முறை நான் விளக்கிச் சொன்னபோது அவர் உண்மையிலேயே வியந்தார். குப்பியை வெளியே விடுவது கவனக்குறைவு என்றே அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

அவருடைய சமையலறையில்

அந்த விருந்துக்கு அடுத்த ஆண்டு, மே மாதத்திலேயே, அம்மையார் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். சாப்பிட வரச் சொன்னவர், ‘ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள், சேர்ந்து தோல் சீவலாம்’ என்றார். நான் போனபோது ஈரத்துணியில் சுற்றிய ஷ்பார்கல் மேசைமேல் இருந்தது. இரண்டு தண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று உரசிக் காட்டினார். புதுச் செருப்பு நடக்கும்போது எழுப்புவதுபோல ஒரு கீச்சொலி. அது கேட்டால் அன்றைக்கு வெட்டியது என்றார். பிறகு கத்தியை எடுப்பதற்கு முன், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, ஒயின் குப்பியை எடுத்து, வெயில் படாத சன்னல் திட்டில் வைத்தார். ஃபிராங்கனின் அடையாளமான, தட்டையான வயிறும் குட்டைக் கழுத்தும் கொண்ட போக்ஸ்பொய்டல் குப்பி அது. ஸ்டைன் என்னும் மலைச்சரிவின் ஒயினுக்குப் போலிகள் பெருகியதால் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வூர்ஸ்புர்க் நகர சபை அந்த ஒயினை இந்தக் குப்பியில்தான் அடைக்க வேண்டும் என்று விதித்ததாக இவ்வூரில் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவர் மறந்து எடுத்துவிட்டார் என்று எண்ணி, ‘திரும்ப உள்ளே வைத்துவிடட்டுமா?’ என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் குப்பியின் திருகுமூடியைத் திறந்து, இரண்டு கோப்பைகளில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றினார். அருந்தச் சொன்னார். குளிர்ந்த தண்ணீரின் கூச்சம், பின்னால் மெல்லிய புளிப்பு, அவ்வளவுதான். ‘இப்போது இது தூங்குகிறது. வாருங்கள், வேலையைப் பார்ப்போம்’ என்றார். தலைக்குக் கீழே மூன்று விரல் அகலம் விட்டு, அங்கிருந்து அடி வரை, நார் ஒரு இழையும் மிஞ்சாமல் சீவ வேண்டும். சீவிய தோல்கள் வீணாவதில்லை. அவற்றையும் வெட்டிய அடிப்பாகங்களையும் தண்ணீரிலிட்டு, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் ஒரு துண்டு வெண்ணெயும் சேர்த்துக் கொதிக்கவைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றிலேயே தண்டுகளை வேகவைப்பார். இரண்டு பேர் இரண்டு கிலோவைச் சீவி முடிக்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனது. தண்டுகளைக் கொதிநீரில் இட்டதும் மீண்டும் இரண்டு விரல் ஊற்றினார். இப்போது பழுத்த பேரிக்காயின் மணம் ஏதோ ஒரு தொலைவிலிருந்து வந்தது. புளிப்பின் முனை சற்று மழுங்கியிருந்தது. கால் மணி நேரத்தில் தண்டுகள் வெந்து, கத்தியின் முனை தடையின்றி இறங்கியது. தட்டில் வைத்து, பழுப்பேறத் தொடங்கிய வெண்ணெயை மேலே ஊற்றி, மேசைக்கு வந்து, மூன்றாவது முறை ஊற்றினார்.

அதே குப்பி, அதே கோப்பை. பேரிக்காய் முன்னுக்கு வந்திருந்தது. அதன் பின்னால் காய்ந்த வைக்கோல், ஏதோ ஒரு பச்சிலை, முதல் மழைக்குப் பிந்தைய மண் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வெண்ணெய் பூசிய நாக்கில் அந்த ஒயின் படர்ந்தபோது புளிப்பு தனியாக நிற்காமல், வெண்ணெயின் கனத்தைத் துடைத்தெடுக்கும் வேலையில் இறங்கிவிட்டது. ஷ்பார்கலின் இனிப்பும் அடிக்கசப்பும் தெளிவாகத் தெரிந்தன. களிம்புச் சுவை எங்குமில்லை. நான் ஒன்றும் பேசாமல் இரண்டாவது தண்டை வெட்டிச் சாப்பிட்டு, மீண்டும் அருந்தி, மீண்டும் சாப்பிட்டேன். அப்போதுதான் அவர் சென்ற ஆண்டைப் பற்றிப் பேசினார். ‘உங்கள் வீட்டில் கொடுத்ததும் நல்ல ஒயின்தான். அது வரட்டும் என்று காத்திருந்தேன்’ என்றார்.

குறை சொல்வதாகவோ பெருந்தன்மையாகவோ அவர் அதைச் சொல்லவில்லை. பேருந்து வரத் தாமதமானால் நிறுத்தத்தில் நிற்பதைப்போல, ஒயின் வந்து சேரும்வரை கைகளுக்குள் வைத்துக்கொண்டு நின்றிருந்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து என் வீட்டிலும் அந்தக் கணக்கே நடக்கிறது. முதல் தண்டைச் சீவத் தொடங்கும்போது குப்பி வெளியே வரும். சில முறை பால் காய்ச்சும் வெப்பமானியைக் கோப்பையில் விட்டும் பார்த்தேன். எடுத்தவுடன் ஏறக்குறைய 7 பாகை; தண்டுகள் கொதிநீரில் விழும்போது 9ஐ நெருங்கும்; தட்டு மேசைக்கு வரும்போது 11. சமையலின் நேரமும் ஒயினின் நேரமும் ஒன்றாகவே முடிகின்றன. அவருடைய தாயாரும் இப்படித்தான் செய்வாராம்; அந்த வீட்டில் வெப்பமானி என்ற பொருளே இருந்ததில்லையாம்.

ஏன் சில்வானர்

அன்று அவர் ஊற்றியது ரீஸ்லிங் இல்லை, சில்வானர் என்னும் வேறொரு திராட்சையின் ஒயின். ஜெர்மன் வெள்ளை ஒயின் என்றாலே உலகம் ரீஸ்லிங்கைத்தான் சொல்லும், அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஷ்பார்கல் முன் ரீஸ்லிங்கை வைப்பதில் எனக்கு இன்றும் தயக்கம் இருக்கிறது. ஷ்பார்கலில் கந்தகம் அடங்கிய அமிலம் ஒன்று உண்டு; வேகும்போது அது சிதைந்து வேறு கந்தகச் சேர்மங்களாகும். துவர்ப்பு மிக்க சிவப்பு ஒயினும், புது ஓக் பீப்பாயின் வாசம் ஏறிய ஒயினும் இதனோடு சேரும்போது உலோகச் சுவை தட்டுவதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். கூர்ந்த புளிப்பும் ஷ்பார்கலின் கசப்பைத் தூக்கிக் காட்டும். ரீஸ்லிங்கின் பெருமையே அதன் கூர்மை. சில்வானருக்குப் புளிப்பு குறைவு, வாசமும் அடங்கியது. அதை ஒரு குறையாகவே பலரும் சொல்வார்கள். தனியாகக் கோப்பையில் வைத்து முகர்ந்து மதிப்பெண் போடும் இடத்தில் அது குறைதான். தட்டின் பக்கத்தில் வைக்கும்போது அந்த அடக்கமே அதன் தகுதியாகிறது. நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடிப்பவரைத் தனியாக மேடையேற்றி மதிப்பிடுவதில்லை.

இந்தத் திராட்சை இங்கே வேர்பிடித்த கதை நன்றாகப் பதிவாகியிருக்கிறது. முப்பதாண்டுப் போர் 1648இல் முடிந்தபோது ஃபிராங்கனின் தோட்டங்கள் பாழாகிக் கிடந்தன. 1659 ஏப்ரலில், ‘ஆஸ்திரியர்’ என்று அழைக்கப்பட்ட 25 கொடிகளைக் காஸ்டல் என்னும் ஊரில் நட்டார்கள். ஜெர்மன் மண்ணில் சில்வானர் நடப்பட்டதற்குக் கிடைத்துள்ள முதல் சான்று அதுவே. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஜெர்மனியெங்கும் பெருமளவில் பயிரான இந்தத் திராட்சைக்கு இன்று நாட்டின் தோட்டப் பரப்பில் 5 விழுக்காடுகூட இல்லை. விளைச்சலைப் பெருக்கி, நீர்த்துப்போன ஒயினாக்கி விற்றதில் கெட்ட பெயரும் சேர்ந்தது. ஃபிராங்கன் மட்டும் அதை விடவில்லை. இங்கே தோட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு சில்வானர்தான். ஷ்பார்கல் விளையும் மணற்பாங்கும், சில்வானர் விளையும் மலைச்சரிவும் ஒரே ஆற்றின் கரைகளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஷ்பார்கலின் துணைப் பண்டங்களைப் பொறுத்தும் ஒயினின் பதம் சற்று மாறும் என்பது என் அனுபவம். உருக்கிய வெண்ணெய் என்றால் எளிய, இளம் சில்வானரே போதும், 9 அல்லது 10 பாகையில். முட்டை மஞ்சள்கருவும் வெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அடித்த ஹாலண்டேஸ் குழம்பு நாக்கில் தடிமனாகப் பூசிக்கொள்ளும். அதற்கு மலைச்சரிவின் நல்ல பகுதியில் விளைந்த, உடல் கனத்த சில்வானர் வேண்டும், அதை 12 பாகைக்கும் விடலாம். உப்பிட்ட தொடைக்கறி ஒயினின் புளிப்பைத் தணித்துவிடுவதால் அங்கே கொஞ்சம் கூடுதல் குளிர்ச்சி பொறுக்கும். புகையூட்டிய கறியை நான் தவிர்க்கிறேன். அந்தப் புகை ஷ்பார்கலையும் ஒயினையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது.

ஊற்றும் அளவிலும் கவனம் வேண்டும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றினால், அருந்தி முடிப்பதற்குள் அடியில் இருப்பது சூடேறிச் சாராய நெடி தலைதூக்கும். குறைவாக ஊற்றி, அடிக்கடி ஊற்றுவதே முறை. எங்கள் ஊரின் பழைய மைன் பாலத்தில், கோடை மாலைகளில், கோப்பைக்கு முன்பணம் கொடுத்து ஒயின் வாங்கி, புனிதர் சிலைகளுக்கு நடுவே நின்று அருந்துவார்கள். 30 பாகை வெயில் அடித்த நாளில் அங்கே கால் லிட்டர் கொள்ளும் ‘ஷோப்பன்’ வாங்கிக்கொண்டு பேச்சில் மூழ்கிவிட்டால் கடைசி மிடறுகள் கஷாயம்தான். திறந்த வெளியில் 7 பாகையில் தொடங்குவதே சரி; கைச்சூடும் காற்றும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பாலத்தருகே கிடைக்கும் மேஃபிஷ்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைன் ஆற்றின் சின்னஞ்சிறு மீன்களை மாவில் புரட்டி, முழுதாகப் பொரித்து, தலையோடு கையால் எடுத்துச் சாப்பிடுவது இங்குள்ள வழக்கம். பாலத்துச் சிலைகளில் ஒன்றான புனித கிலியானின் சுண்டுவிரலைவிட நீளமான மீனாக இருக்கக் கூடாது என்பார்கள். நெத்திலி வறுவல் தின்று வளர்ந்த என் கைக்கு அந்தத் தட்டைப் பார்த்ததும் வேறு அறிமுகம் தேவைப்படவில்லை. மொறுமொறுப்பும் உப்பும் எண்ணெயும் ஒன்றாக வரும் அந்த இடத்தில், நன்கு குளிர்ந்த சில்வானர் ஒரு மிடறு, அடுத்த மீனுக்கு வாயைத் துடைத்து வைத்துவிடும்.

மிளகாய்க்கு முன்னால்

‘இந்திய உணவுக்கு ரீஸ்லிங் பொருந்தும்’ என்று ஒயின் எழுத்தாளர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு, இனிப்பில்லாத ரீஸ்லிங்கைக் கோழி வறுவலோடு வைத்துக் கண்ணீர் வடித்த நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த அறிவுரையில் சொல்லாமல் விடப்படுவது, அது பெரும்பாலும் மோசலின் கபினெட் போன்ற, இனிப்பு எஞ்சிய, சாராயம் 8 அல்லது 9 விழுக்காடு மட்டுமே உள்ள ஒயின்களுக்கானது என்பதே. இனிப்பு மிளகாயின் எரிச்சலைத் தணிக்கும். ட்ரோக்கன் ஒயினில் அந்த இனிப்பு இல்லை. சாராயமோ 12, 13 விழுக்காடு. மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு உணரியைச் சாராயமும் தூண்டும் என்பதால் எரிச்சல் இரட்டிப்பாகும், புளிப்பும் சேர்ந்து குத்தும். எங்கள் வீட்டில் காரச் சமையல் நடக்கும் நாள்களில் சில்வானர் மேசைக்கு வருவதில்லை. பச்சை மிளகாயை எண்ணிப் போட்ட தேங்காய்ப்பால் சொதிக்கு அது நன்றாகவே இணங்குகிறது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு, வெண்ணெய் செய்யும் வேலையைச் செய்கிறது. உப்பும் சிறிதளவு மிளகும் மட்டும் தடவிப் பொரித்த மீனுக்கும் அப்படியே. புளிக்குழம்பின் பக்கத்தில் வைத்தால் ஒயின் தண்ணீராகிவிடும். அதற்கு மேல் நான் வலிந்து இணை தேடவில்லை. ஒவ்வொரு உணவுக்கும் ஓர் ஒயினைக் கட்டிவைத்தே ஆக வேண்டும் என்ற அவசரம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

அவசரமாக விருந்தினர் வந்துவிட்டால் குப்பியைக் குளிரவைக்கும் முறையையும் அம்மையாரிடமே கற்றேன். வெறும் பனிக்கட்டியில் செருகினால் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும். பாதி தண்ணீரும் பாதி பனிக்கட்டியும் கலந்த வாளியில் கழுத்து வரை மூழ்கவைத்தால் இருபது நிமிடங்களில் வேலை முடியும். கடைகளில் விற்கும் குளிர்உறைகள் உருளைக் குப்பிகளுக்காகச் செய்யப்பட்டவை. போக்ஸ்பொய்டலின் தட்டை வயிற்றுக்கு அவை ஏறா. குளிர்ந்ததும் எடுத்துவிட வேண்டும், திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. உறைவிப்பானில் வைத்து மறந்த குப்பியை நான் அவரிடம் ஒருமுறை சொன்னபோது, பால் பொங்கி வழிந்ததைக் கேட்ட முகத்தோடு என்னைப் பார்த்தார்.

இந்த ஆண்டு ஜூன் 24 அன்று அவரை மீண்டும் அழைத்தேன். ‘செர்ரி சிவந்தது, ஷ்பார்கல் செத்தது’ என்று இங்கே ஒரு சொலவடை உண்டு. அதே நாளில் வரும் யோவான் திருநாளுக்குப் பிறகு வெட்டுவதை நிறுத்தி, தண்டுகளை மண்ணுக்கு மேலே வளரவிட்டு, அடுத்த ஆண்டுக்கான வலுவை வேரில் சேர்க்கவிடுவார்கள். அன்றைய சந்தையில் கிடைத்த கடைசித் தண்டுகள் சற்றுப் பருத்தும், நார் கூடியும் இருந்தன. கூடுதலாகச் சீவ வேண்டியிருந்தது, அதனால் ஒயினும் கூடுதலாகக் காத்திருந்தது. இப்ஹோஃபன் ஊரில் விளைந்த சில்வானர் இரண்டு குப்பிகள் வாங்கியிருந்தேன். ஒன்றை மட்டும் திறந்தேன். அம்மையார் கோப்பையைத் தண்டில் பிடித்துத் தூக்கி, ஒரு மிடறு அருந்தி, சற்று நேரம் வாயிலேயே வைத்திருந்தார். பதம் சரியாக இருக்கிறது என்று தலையசைத்தார். பிறகு, ‘இது கொய்பர் மண்ணில் விளைந்தது அல்லவா?’ என்று கேட்டார். ஆம் என்றேன். ஜிப்சம் கலந்த அந்த மண்ணின் ஒயினில் பச்சிலைக் காரமும் கனமும் கூடுதல் என்பது இங்கே எல்லோரும் சொல்வது. ‘நல்ல ஒயின். ஆனால் ஷ்பார்கலுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு மண்தான், எங்கள் கரையின் ஒயின்தான். இதன் கனம் கொஞ்சம் முந்திக்கொண்டு போகிறது, பாருங்கள்’ என்று தம் தட்டைக் காட்டினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, சொன்னேன். அவர் மீண்டும் அருந்திப் பார்த்தார், நானும் அருந்திப் பார்த்தேன், என் கணவர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். கடைசித் தண்டு முடியும் வரை அந்த வழக்கு தீரவில்லை. எழுந்து போகும்போது, திறக்காத இரண்டாவது குப்பியைக் கையில் எடுத்து, ‘இதைச் செப்டம்பர் வரை வைத்திருங்கள். கெண்டை மீன் வரத் தொடங்கியதும், மாவில் புரட்டிப் பொரித்துச் சாப்பிடும்போது திறந்தால் நான் சொல்வது புரியும்’ என்றார். அவர் போன பிறகு அந்தக் குப்பியை நிலவறைக்குக் கொண்டுபோய், தட்டை வயிறு மேலே தெரிய, அலமாரியின் கீழ்த்தட்டில் கிடத்திவிட்டு வந்தேன்.